பலகாரக் கம்பெனிகளுக்கான உணவுப் பாதுகாப்பு வகுப்பு: போய் வந்தவரின் மதிப்பீடு

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் ‘ஃபோஸ்டாக்’ பயிற்சித் திட்டத்தின் கீழ், தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று பாளையங்கோட்டையில் நடத்திய ஒரு நாள் வகுப்புக்கு, எங்கள் சிறிய பலகாரக் கம்பெனியின் சரக்கு மாஸ்டரையும் பேக்கிங் பெண்கள் இருவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று ஆணையம் எதிர்பார்ப்பதால், வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகவே வந்திருந்தனர் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

செய்முறைப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். ஒளிரும் பொடியைக் கையில் பூசி, வழக்கம்போலக் கழுவி வரச் சொல்லி, புற ஊதா விளக்கின் கீழ் நீட்டச் சொன்னார் பயிற்றுநர். நகக்கண்களிலும் கட்டைவிரலின் அடியிலும் வளையல் உரசும் மணிக்கட்டிலும் பொடி அப்படியே மினுங்கியது. “நம்ம கை சுத்தமாத்தானவே இருக்கு” என்று காலை முதல் முணுமுணுத்துக்கொண்டிருந்த எங்கள் மாஸ்டர், ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடியும் குழாயடிக்குப் போனார். வேலை நேரத்தில் நகை கூடாது என்பது ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் 4ஆம் அட்டவணையில் இருந்தாலும், கல்யாணமான பெண்களிடம் கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்வது நம் பக்கத்தில் எளிதான காரியம் அல்ல. பயிற்றுநர் அதட்டவில்லை, முறுக்கு மாவில் விழுந்த வளையல் சில்லைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். எங்கள் பெண்களில் ஒருவர் தாமாகவே வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உண்டாகும் சிதைவுப் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற பகுதி அவசரமாக முடிந்தது. சீடையும் முறுக்கும் போடும் ஊரில் அதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

குறை என்று நான் கருதுவது வேறொன்று. விரலில் சீழ்ப்புண் உள்ளவர் ஆறிய பால்கோவாவைத் தொட்டால், ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதில் பெருகி நஞ்சை உண்டாக்கும் என்றும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு எளிதில் அழியாது என்றும் தெளிவாக விளக்கினார்கள். அப்போது மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா எழுந்து, “புண்ணுன்னு சொன்னா அன்னைக்குக் கூலி போயிருமே, சார்?” என்று கேட்டார். “அது உங்க முதலாளி முடிவு பண்ண வேண்டியதும்மா” என்று சொல்லிவிட்டு, பயிற்றுநர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அறையில் முதலாளிகள் பலர் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கேள்வி இப்படிக் கைநழுவியது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2020ஆம் ஆண்டு திருத்திய உணவுச் சுகாதாரக் கோட்பாடுகள், நிர்வாகத்தின் ஈடுபாடு, தயக்கமில்லாத பேச்சு, போதிய வசதி ஆகியவற்றை உணவுப் பாதுகாப்புப் பண்பாட்டின் கூறுகளாகவே சொல்கின்றன. கூலி போகும் என்று பயப்படுகிறவர் துணியைச் சுற்றிப் புண்ணை மறைத்துக்கொண்டு வேலைக்கு வரத்தான் செய்வார். சுவரில் எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் அது மாறாது. எங்கள் கம்பெனியில் காயம் பட்டவருக்கு அன்றைக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை, அதே கூலி. வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் இருக்கலாம், கூலி உண்டு. இதில் ஆகும் செலவு, திரும்பி வரும் ஒரு லோடு பால்கோவாவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கொடுத்த குறிப்பேடு ஆங்கிலத்தில் இருந்ததால் எங்கள் மாஸ்டருக்கு அது பயன்படவில்லை. தமிழில் ஒரே ஒரு பக்கம் கொடுத்திருந்தாலும் போதும்.

கட்டணத்துக்குத் தகுந்த வகுப்புதான். சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். போக நினைப்பவர்கள் தொழிலாளரை மட்டும் அனுப்பாமல் முதலாளியும் கூடப் போய் உட்கார வேண்டும். கூலி பற்றிய கேள்வியைக் காலையிலேயே கேட்டுவிடுவது நல்லது, மதியத்துக்கு மேல் தேர்வு நடத்தும் அவசரத்தில் எதற்கும் பதில் கிடைப்பதில்லை.