எங்கள் ஊர்க் கிளை நூலகம்: ஐந்துக்கு மூன்று

காரைக்குடியிலிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற எங்கள் கிளை நூலகத்தில் நான் இருபது வருட உறுப்பினர். இன்னும் பத்து வருடம் கழித்து இது தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கத்தான் போன மாதம் தினமும் போய் உட்கார்ந்தேன்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. டிஎன்பிஎஸ்சிக்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள், பையில் சாப்பாட்டு டப்பாவோடு. அவர்களுக்காகச் சுவரோரமாக பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள், மேலே ஃபேன் சுற்றுகிறது. மூன்று மதிப்பெண்ணில் இரண்டு இதற்கே. வெள்ளிக்கிழமை விடுமுறை, அலையாதீர்கள்.

தேடுவதில்தான் சிக்கல். கம்ப்யூட்டர் இரண்டும் உறைக்குள் தூங்குகின்றன, எந்தப் புத்தகம் எந்த அலமாரி என்பது நூலகரின் மனப்பாடம். கேட்டால் எழுந்துகூடப் பார்க்க மாட்டார், "மூணாவது ராக், கீழ்த்தட்டு, தம்பி" என்பார், சரியாக இருக்கும். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். அப்புறம் யாரிடம் கேட்பது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. நம் நூலகத்தில் படிக்கிற ஒரு பெண்ணின் போனிலேயே திறந்து காட்டினேன், இப்படி ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அந்த உறையைக் கழற்றினால் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம், இதைக்கூடக் கேட்கக்கூடாதா?

இன்னொன்று, இது என் சொந்தக் குறை. எங்கள் வீட்டைப் பங்காளிகள் பாகம் பிரித்தபோது ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த புத்தகங்கள் மூன்று பெட்டி என் பங்குக்கு வந்தன. நூலகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று போனேன். "வைக்க இடமில்லை தம்பி, பழசை ஏத்துனா பூச்சி புதுசுக்கும் ஏறிடும்" என்றார் நூலகர். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இங்கே வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன, கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய் நல்ல விலைக்கு விற்கின்றன, தாள் மட்டும் எடைக்குப் போகிறது. பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா தனி ஆளாக ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமாகச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994இல் அதை வைத்துச் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சிதறாமல் தப்பியது, சந்தோஷம். இன்றைக்கு யாராவது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாங்கிப் பிரித்துப் பார்த்து மேலே அனுப்ப எங்கள் கிளையில் ஒரு மேசைகூடக் கிடையாது. எதிர்காலம் என்றதும் எல்லாரும் கம்ப்யூட்டரை நினைக்கிறார்கள், எனக்கு இந்த மேசைதான் ஞாபகம் வருகிறது.

மூன்று பெட்டியும் இப்போதைக்கு வீட்டு உள்முற்ற வளவில், அந்துருண்டை போட்டு.