ரௌட்டரில் செருகிய டெலிபோன்: பல வருட அனுபவம்

நியூஜெர்சியில் எங்கள் வீட்டில் இன்னும் ஒரு டெலிபோன் இருக்கிறது. அதன் ஒயர் சுவருக்குப் போகாமல், ரௌட்டர் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அடாப்டர் பெட்டிக்குப் போகிறது. பேச்சை இணையத்தில் ஏற்றி அனுப்புவது அந்தப் பெட்டிதான். வாட்ஸ்அப் சும்மா கிடைக்கும்போது இதற்கு மாதச் சந்தா ஏன் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை.

வாட்ஸ்அப்புக்கு இரண்டு பக்கமும் நெட் வேண்டும், இதற்கு என் பக்கம் இருந்தால் போதும். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் அம்மாவுக்கு லேண்ட்லைன்தான் பழக்கம். பெரியப்பாவிடம் இருப்பது பட்டன் போன். ஊர் வங்கிக்குப் பேசவும் இதுதான் கைகொடுக்கிறது. 1800 என்று தொடங்கும் எண்கள் மட்டும் இங்கிருந்து பெரும்பாலும் போகாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று வங்கி தரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காலிங் கார்டைச் சுரண்டி, நிமிடத்தை எண்ணிப் பேசியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். 2009இல் வோனேஜ் என்ற இணையத் தொலைபேசி நிறுவனம், மாதம் 25 டாலருக்கு இந்தியா உட்பட 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கணக்கில்லாமல் பேசலாம் என்று திட்டம் போட்டது. அதன்பின் எங்கள் வட்டாரத்தில் போன் பேச்சு நலம் விசாரிப்பதைத் தாண்டி, அன்றைக்கு வைத்த குழம்பு வரை நீண்டது. நான் வைத்திருப்பது வேறு ஒரு நிறுவனத்தின் இணைப்பு. குறைகளும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

முதல் குறை பில். விளம்பரத்தில் போட்ட தொகை ஒரு மாதம்கூட வந்ததில்லை. வரி, 911 என்ற அவசர உதவி எண்ணுக்கான கட்டணம், இன்னும் ஏதேதோ பெயரில் கட்டணங்கள் என்று சேர்ந்துகொள்ளும். சலுகைக் காலம் முடிந்ததும் சத்தமில்லாமல் ஏறும்.

குரல் தரத்துக்கு நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் சொந்த ரௌட்டரைப் பாருங்கள். ஒரு அழைப்புக்குப் போக, வர இரண்டு பக்கமும் 100 கேபிபிஎஸ் நெட் வேகம்கூடத் தேவையில்லை. ஆனால் வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்தால் குரல் துண்டு துண்டாகிவிடும். ரௌட்டரில் போனுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. நாம் பேசுவது கேட்கிறது, அவர்கள் பேசுவது கேட்கவில்லை என்றால் ரௌட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதியை அணைத்துப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் மருந்து.

இன்னொரு எரிச்சல், மறுமுனையில் தெரியும் எண். சில வருடங்கள் அம்மாவின் போனில் ஏதோ ஒரு இந்திய மொபைல் எண் விழும். மோசடி ஆசாமி என்று நினைத்து எடுக்கவே மாட்டார். இப்படி இந்திய எண் போல வேடமிட்டு வரும் வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் இந்திய அரசு தனி ஏற்பாடு கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலும் எங்கள் எண்ணே தெரிகிறது.

கரண்ட் போனால் மோடம், ரௌட்டர், அடாப்டர் மூன்றும் படுத்துவிடும். பழைய செம்புக்கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, இதற்கு அப்படி இல்லை. 2012இல் சாண்டி புயல் வந்தபோது அது நன்றாகவே புரிந்தது. அப்புறம் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மூன்றையும் அதில் மாட்டினேன். வீடு மாறினால் 911க்கான முகவரியைக் கணக்கில் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போய் நிற்கும்.

2025 மே மாதம் ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள். அதனால் எந்தச் சேவையானாலும் வருடக் கணக்கில் முன்பணம் கட்ட நான் தயாராக இல்லை, மாதச் சந்தாவே போதும்.

ஊரில் எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருந்தால் இது உங்களுக்குத் தேவையே இல்லை. வாங்குவதானால், உங்கள் பழைய எண் புதிய இணைப்புக்கு வந்து சேரும்வரை பழைய இணைப்பை வெட்டாதீர்கள். இந்த இணைப்பை விடும்போதும் அதே கதைதான்: கணக்கை ரத்து செய்த பிறகு எண்ணை மீட்பது பெரும்பாடு.