கர்ப்பிணிகளைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் பிரசவத்துக்குப் பின் வந்த முதுகுவலிக்காக எழுதிக்கொடுக்கப்பட்ட டேபெண்டடால் மாத்திரையை விட முடியாமல் தவித்த என் தங்கை, மீண்டும் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, 'கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் தனிப் பிரிவு' என்று விளம்பரம் செய்த தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்ந்தாள். மகப்பேறு மருத்துவர் வாரந்தோறும் வருவார், இரண்டு வயது மகனும் தாயுடன் தங்கலாம், வெளியே யாருக்கும் தெரியாமல் மூன்று மாதத்தில் குணப்படுத்தி அனுப்பிவிடுவோம் என்றெல்லாம் உறுதி கூறிய நிர்வாகி, 60,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, ரசீதில் 'நன்கொடை' என்று எழுதிக் கொடுத்தார்.

தனிப் பிரிவு என்பது வாடகை வீடொன்றின் மாடி. மகப்பேறு மருத்துவர் ஒருமுறைகூட வரவில்லை. சேர்ந்த அன்றே மாத்திரை முழுவதுமாக நிறுத்தப்பட்டது. வாந்தியும் உடல்வலியும் கூடி, வயிறு இறுகத் தொடங்கியபோது, முன்பு குடித்துத் திருந்தியவர் என்பதைத் தவிர வேறு தகுதியில்லாத மேற்பார்வையாளர், அவள் மருந்துக்காக நடிப்பதாகச் சொல்லிவிட்டார். 'குழந்தை அருகில் இருந்தால் சிகிச்சையில் மனம் நிற்காது' என்று கூறி மகனை மறுநாளே எங்களிடம் அனுப்பினார்கள். முதல் மாதம் தொலைபேசியில் பேச அனுமதியில்லை என்பது, பணம் கட்டிய பிறகே எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. சண்டையிட்டு அவளை வெளியே அழைத்துவந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்த பின்னரே, மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்த்து, டேபெண்டடாலுக்கு மாற்றாக, நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

டேபெண்டடால், அபினைப் போலச் செயல்படும் ஓபியாய்டு வகை வலிநிவாரணி. அவ்வகை மருந்துக்கு அடிமையான கர்ப்பிணிக்கு அதைச் சட்டென்று நிறுத்துவதைவிட, மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து கொடுப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியுள்ளது. மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் அளவோடு தரப்படும் மருந்து, கர்ப்பிணி மீண்டும் பழைய பழக்கத்துக்குத் திரும்பாமல் காக்கிறது. பிறக்கும் குழந்தைக்குச் சில நாட்களோ வாரங்களோ விலகல் அறிகுறிகள் (மருந்து நின்றதால் வரும் உடல் தொந்தரவுகள்) இருக்கலாம் என்றாலும், அவை மருத்துவமனையில் கவனித்துச் சரிசெய்யக்கூடியவை. மதுவுக்கு அடிமையானவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்பதால், மருத்துவர் இல்லாத இடத்தில் அவர்களைப் பூட்டி வைப்பது இன்னும் ஆபத்தானது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. குழந்தையின் பாதுகாப்புக்காகத் தற்காலிகமாகப் பிரிக்க வேண்டியிருந்தாலும், அதைச் சிகிச்சை தரும் மனநல மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அப்போதும் மேற்பார்வையுடன் தாய் குழந்தையைப் பார்க்கலாம். எங்கள் விஷயத்தில் முடிவெடுத்தவர் மருத்துவரே அல்லர்.

இத்தகைய மையங்கள் உண்மையில் விற்பது சிகிச்சையை அல்ல, ரகசியத்தை என்பதே என் கருத்து. குடிக்கும் ஆணைப் பற்றி ஊரே பேசினாலும் பெண்ணின் பழக்கத்தைக் குடும்பம் மூடி மறைக்கும் என்பதும், ஏமாற்றப்பட்டாலும் புகார் தராது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே, 'வெளியே தெரியாது' என்ற உறுதியை முதலில் தருகிறவரிடம், மாநில மனநல ஆணையத்தில் பெற்ற பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மகப்பேறு மருத்துவர், எந்த மருத்துவமனை, நள்ளிரவில் வலி எடுத்தால் யார் அழைத்துச் செல்வார் என்பதை எழுத்தில் கேளுங்கள். குழந்தை தங்கும் அறையைக் கண்ணால் பாருங்கள். பணம் கட்டும் முன், போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446-இலோ, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இலோ பேசிவிடுங்கள்.

நன்கொடையாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தர இயலாது என்பதே மையத்தின் பதில். தங்கையின் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். அது இன்னும் வரவில்லை. மாநில மனநல ஆணையத்துக்கு அனுப்பிய புகாருடன் அந்த ரசீதையும் விளம்பரத் துண்டறிக்கையையும் இணைத்துள்ளோம்.