பெயரில் இடைவெளி உள்ள ஃபைல்களும் குனு மேக்கும்: நீண்ட நாள் அனுபவம்

மின்னூல் பில்டுக்கு, அதாவது மூல ஃபைல்களிலிருந்து நூலை உருவாக்க, பல வருடமாக குனு மேக் (make) என்ற கருவியைத்தான் பயன்படுத்துகிறேன். மாறிய ஃபைல்களை நேரமுத்திரையால் கண்டு, தேவையானதை மட்டும் மறுபடி உருவாக்குவது அது. வேகம், நம்பகம் இரண்டிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தாளர்கள் அனுப்பும் ஃபைல் பெயர்களில் இடைவெளி இருக்கும். அங்கேதான் சிக்கல்.

'முதல் பாடம்' என்று ஒரு ஃபைல் வந்தால், மேக்குக்கு அது 'முதல்', 'பாடம்' என்ற இரண்டு ஃபைல்கள். பெயர்களின் வடிவத்தை மாற்றும் பேட்சப்ஸ்ட் (patsubst) போட்டதும் பெயர் உடையும். 'முதல்' என்பதை உருவாக்க விதி இல்லை என்று பில்டு நிற்கும். தமிழ் எழுத்தால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. அந்த ஒரு இடைவெளிதான் காரணம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் கருவியின் வழிவந்தது இது. அதில் பட்டியல் என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாமே ஒரே எழுத்துச் சரம், பிரிப்பது இடைவெளி.

இடைவெளிக்கு முன் பேக்ஸ்லாஷ் போட்டால் ஓரளவு ஓடும். "$@" (உருவாக வேண்டிய ஃபைல்), "$<" (முதல் மூல ஃபைல்) இரண்டையும் மேற்கோள் குறிக்குள் வைத்தால் சரி. எல்லா மூல ஃபைல்களையும் குறிக்கும் "$^" மட்டும் கைவிடும்: குறி போட்டால் எல்லாப் பெயரும் ஒட்டிக்கொள்ளும், போடாவிட்டால் எல்லாம் உடையும்.

கட்டளைகளை இயக்கும் ஷெல் இதைவிட எவ்வளவோ மேல். ஃபார் லூப்பில் நட்சத்திரக் குறி தரும் பெயர்கள் முழுசாகவே வருகின்றன. மாறியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதும்போதுதான் உடைகின்றன. ஷெல் ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் கருவி அதை உடனே காட்டிக்கொடுக்கும். நிறைய ஃபைல் என்றால், ஃபைல்களைத் தேடும் ஃபைண்டில் பிரிண்ட்0 (-print0), அவற்றை வேறு கட்டளைக்குத் தரும் எக்ஸார்க்ஸில் மைனஸ் 0 (-0). இவை பெயர்களைப் பூஜ்ய பைட்டால் பிரிக்கும். பூஜ்ய பைட் எந்த ஃபைல் பெயரிலும் வர முடியாது என்பதால் இது முழுப் பாதுகாப்பு. யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான 2024 போசிக்ஸ் தரத்திலும் சேர்ந்துவிட்டது. அழிக்கும் கட்டளை உள்ள ஸ்கிரிப்டில் மேற்கோள் குறி கட்டாயம். 2001இல் ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில் அது விடுபட்டதால், டிரைவ் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய தரவே அழிந்தது.

எனக்கு நிலைத்த வழி இதுதான்: வரும் ஃபைல்களை 'வரவு' ஃபோல்டரில் அப்படியே வைத்துவிடுவேன். ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு 'பணி' ஃபோல்டருக்கு நகலெடுக்கும். மேக் அதை மட்டுமே பார்க்கும். உள்ளடக்கம் மாறியிருந்தால் மட்டும் நகலெடுக்க வேண்டும். இல்லையென்றால் நேரமுத்திரை மாறி மொத்த நூலும் மறுபடி பில்டாகும். அப்புறம், மாற்றிய பிறகு இரண்டு ஃபைலுக்கு ஒரே பெயர் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றை எழுதக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் மேக் போன்ற இன்னொரு பில்டு கருவியான நிஞ்சாவைப் பாருங்கள். டாலர் குறியை அடுத்து வரும் இடைவெளியை அது பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே மேக்கில் இருப்பவர்கள், இடைவெளியை மேக்ஃபைலுக்குள் (மேக்கின் விதிகள் எழுதிய ஃபைல்) நுழைய விடாமல் வாசலிலேயே மாற்றிவிடுங்கள்.