மூவர்ணக்கொடிக்கு முக்கோணப் பெட்டி பொருந்துமா? வாங்கிப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

எல்லைப் பணியில் உயிரிழந்த என் சித்தப்பா மகனின் பூதவுடல்மீது போர்த்தப்பட்டிருந்த தேசியக்கொடி, தகனத்துக்கு முன்பு மடிக்கப்பட்டுச் சித்தியின் கைகளில் ஒப்படைக்கப்பட்டது. அன்றிலிருந்து அது பீரோவின் மேல்தட்டில், ஒரு வெள்ளை வேட்டிக்குள் சுற்றப்பட்டு, அந்துருண்டை வாசனையோடு இருந்துவந்தது. பார்வைபடும் இடத்தில் அதை மரியாதையாக வைக்க வேண்டும் என்று சித்தி விரும்பியதால், வீரர்களின் நினைவுக்கொடியை வைப்பதற்கென்றே இணையத்தில் விற்கப்படும் முக்கோண மரப்பெட்டி ஒன்றை 3,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விற்பவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை; ஏறக்குறைய இதே பெட்டியைப் பலரும் விற்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறையும் அந்த வடிவத்தைப் பற்றியதுதான்.

மரவேலையில் குறை சொல்ல அதிகமில்லை. சட்டம் திடமான மரத்தால் ஆனது, மூலைகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தன, முன்பக்கத்தில் கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த அக்ரிலிக் தகட்டில் கீறல் ஏதும் இல்லை. பின்பலகையைப் பிடித்து நிறுத்தும் தகரக் கொக்கிகள்தான் மெல்லியவை. மூன்றாம் முறை திருப்பியபோதே ஒன்று வளைந்துவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த கருநீல வெல்வெட்டை ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், பஞ்சில் சாயம் ஏறியது. மழைக்காலத்து ஈரக்காற்றில் கதர்த்துணியின் வெண்பட்டை அந்த வெல்வெட்டோடு ஒட்டிக் கிடந்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உண்மையான சிக்கல் கொடியை உள்ளே வைக்க முயன்றபோதுதான் தெரிந்தது. எங்களிடம் இருப்பது 1800 × 1200 மில்லிமீட்டர் கொடி, அதாவது ஏறத்தாழ ஆறடிக்கு நாலடி. அந்த அளவுக்கு விதிக்கப்பட்டுள்ள அசோகச் சக்கரத்தின் விட்டம் 370 மில்லிமீட்டர். பெட்டியின் அடிப்பக்கம் 600 மில்லிமீட்டர், உயரம் 300. அப்படிப்பட்ட ஒரு முக்கோணத்துக்குள் அடங்கக்கூடிய மிகப்பெரிய வட்டத்தின் விட்டமே 250 மில்லிமீட்டரை எட்டாது என்பதைப் பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியோடு வந்த விளக்கத்தாளின்படி ஒரு முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே வந்தேன். முடித்தபோது வெளியே தெரிந்தது ஒரு துண்டு காவியும் ஒரு கீற்று வெள்ளையும் மட்டுமே. அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தி, “சக்கரம் எங்கேப்பா?” என்று கேட்டார். அது உள்ளே எங்கோ நாலைந்தாக மடிந்து கிடந்தது.

இந்த முக்கோணம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்கத்தாளே காட்டிக்கொடுத்தது. ‘13 மடிப்புகளின் பொருள்’ என்ற தலைப்பில் அதில் அச்சிட்டிருந்தது முழுக்க முழுக்க அமெரிக்க வழக்கம். அங்கே இராணுவ இறுதிச் சடங்கில் சவப்பெட்டிமீது போர்த்தப்படும் கொடி ஐந்தடி அகலமும் ஒன்பதரை அடி நீளமும் கொண்டது. நட்சத்திரங்கள் உள்ள நீலப்பகுதி இறந்தவரின் தலைப்பக்கம், இடது தோளுக்கு மேலே வரும்படி விரிப்பார்கள். அந்த நீலம் கொடியின் ஒரு மூலையில் இருப்பதால், மறுமுனையிலிருந்து மடித்து வரும்போது சிவப்பு வெள்ளைக் கோடுகள் எல்லாம் உள்ளே மறைந்து, இறுதியில் நீலமும் நட்சத்திரங்களும் மட்டுமே வெளியே நிற்கும். அவர்களுடைய விடுதலைப் போர்க் காலத்து வீரர்கள் அணிந்த மும்முனைத் தொப்பியை அந்த வடிவம் நினைவூட்டுகிறது என்றும் சொல்வதுண்டு. ஆக, அவர்கள் கொடியின் அமைப்புக்கு அந்த மடிப்பு மிகப் பொருத்தமானது. மடிப்புக்கு ஒன்றாகப் பொருள் சொல்லும் வாசகமோ அங்கேயே கொடிச் சட்டத்தில் இடம்பெறாத ஒன்று. வழக்கத்தில் வாசிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதை இங்கே ஏதோ நம் படையின் மரபுபோல அச்சிட்டு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் கொடியின் அடையாளம் மூலையில் இல்லை, நடுவில் இருக்கிறது. அதற்கான மடிப்பும் நடுவை நோக்கியே வகுக்கப்பட்டிருக்கிறது. கொடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெண்பட்டைக்குப் பின்னால் மடிக்க வேண்டும். பிறகு வெண்பட்டையின் இரு முனைகளையும் உள்ளே மடக்கினால் சக்கரமும், காவி, பச்சை ஆகியவற்றின் சில பகுதிகளும் மட்டும் தெரியும். அப்படி மடித்த கொடியை இரு உள்ளங்கைகளிலோ முன்கைகளிலோ ஏந்தித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சித்தியின் முன் வந்து நின்ற வீரர் அப்படித்தான் ஏந்தியிருந்தார். பியூகிள் ஒலி அடங்கிய அந்த நேரத்தில் அவர் கைகளுக்கு மேலே இருபத்துநான்கு ஆரங்களும் முழுமையாகத் தெரிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சித்தி தேடியதும் அந்தச் சக்கரத்தைத்தான்.

வாங்க நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002-இன்படி, அரசு, இராணுவ, மத்தியத் துணை இராணுவப் படை இறுதிச் சடங்குகளில் காவிநிறம் தலைப்பக்கம் வரும்படி கொடியைப் போர்த்த வேண்டும். அதைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. உடல் நெருப்புக்கோ மண்ணுக்கோ போகுமுன் கொடி எடுக்கப்பட்டுவிடுவதால்தான் அது குடும்பத்திடம் வந்து சேர முடிகிறது. நான் வாங்கிய பக்கத்திலேயே, ‘எந்தப் பெரியவரின் இறுதி ஊர்வலத்துக்கும் ஏற்றது’ என்ற குறிப்போடு பெரிய அளவுக் கொடிகளையும் விற்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் அரசு, படைத்துறை, துணை இராணுவப் படை இறுதிச் சடங்குகளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. மற்றபடி கொடியைப் போர்த்துவது மூன்று ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். துக்க வீட்டில் இருப்பவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். விற்பவருக்காவது அந்தக் கவனம் இருந்திருக்க வேண்டும்.

சேவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பெட்டி ஐந்து நாளில் பழுதின்றி வந்தது. திருப்பி அனுப்பக் கேட்டபோது, பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்துவிட்டதால் எடுத்துக்கொள்ள இயலாது என்றார்கள். அது விற்பனைப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்த நிபந்தனை என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. சதுர வடிவில் செய்து தருவீர்களா என்று கேட்டதற்கு, “எல்லாரும் இதைத்தான் சார் கேட்கிறாங்க” என்று பதில் வந்தது.

கடைசியில், தெரிந்த ஆசாரி ஒருவரிடம் உள்ளளவு 46 சென்டிமீட்டர் சதுரமும் 6 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பெட்டி ஒன்றைச் செய்யச் சொன்னேன். மடித்த கதர் ஏறத்தாழப் பன்னிரண்டு அடுக்கு வரும் என்பதால் அந்த ஆழம் தேவைப்படுகிறது. உள்ளே வெல்வெட் இல்லை. கஞ்சி போடாத, பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணிதான். வெயில் நேராக விழாத சுவரில் மாட்டியிருக்கிறோம். முக்கோணப் பெட்டியில் இப்போது அவனுடைய தொப்பியும் இடைவாரும் இருக்கின்றன; அவற்றுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பெட்டியாக ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன், நம் கொடிக்கான பெட்டியாக ஒன்று.