கேரவன் விடுமுறைக்கு 3,180 வெள்ளி கட்டி ஏமாந்தோம்: மார்ச் விடுமுறைக்குப் பணம் கட்டியவர்கள் தயவுசெய்து படியுங்கள்

3,180 சிங்கப்பூர் வெள்ளி. பயணத்திலிருந்து வந்து பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. அதற்குள் உட்கார்ந்து இதை எழுதக் காரணம், மார்ச் பள்ளி விடுமுறைக்கும் இதே திட்டத்தை எங்களை ஏமாற்றிய பயணக் கடை இப்போது விற்றுக்கொண்டிருக்கிறது. நேற்றுகூடப் புது விளம்பரம் வந்தது. எங்கள் பணத்தை வாங்கியபோது போட்ட அதே படம், அதே கேரவன் (உள்ளேயே தங்கும் வண்டி வீடு), அதே நீலக் கடல்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போகிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் மாடியில் இருக்கும் சின்னப் பயண ஏற்பாட்டுக் கடை, தமிழில் விளம்பரம் செய்கிறவர்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்தப் பயணம் எங்கள் மாமாவுக்காக. என் கணவரின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூண்டிலும் கையுமாக இங்கே பெடோக் ஜெட்டியில், அதாவது கடலுக்குள் நீளும் மேடைப் பாலத்தில், விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அது 250 மீட்டர் நீளம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பஸ்ஸல்டன் என்ற ஊரில் 1,841 மீட்டர் நீளத்துக்கு மரத்தூண்கள்மேல் கட்டிய ஜெட்டி இருக்கிறது, 1865இல் முதல் பகுதி திறந்தது, அதன்மேல் குட்டி ரயில்கூட ஓடுகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்கு அதே பேச்சு. அத்தைக்குக் கூட்டம் ஆகாது. பிள்ளைகளுக்கு மணலும் தண்ணீரும் இருந்தால் போதும். அந்த ஊர்க் கடல் வடக்கே பார்த்த வளைகுடா, அலை அதிகம் இல்லை, ரொம்ப தூரம் வரை முழங்கால் ஆழம்தான். பெர்த்துக்கு ஐந்து மணி நேர விமானம், அங்கிருந்து காரில் சுமார் 220 கிலோமீட்டர். நேர வித்தியாசமே கிடையாது. வயதானவர்களை அழைத்துப் போக இதைவிட வசதியான இடம் இருக்காது என்று நினைத்தோம், ஊரைப் பற்றி இப்போதும் அப்படித்தான் நினைக்கிறோம்.

கடையில் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் ஆரம்பித்தது. மாமாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். உள்ளே நுழைந்ததுமே அந்த ஆள் எழுந்து நின்று, “வாங்க ஐயா, உட்காருங்க” என்று மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கீழே இருந்து இஞ்சி டீ வரவழைத்தார். பாஸ்போர்ட், பட்ஜெட் எதையும் கேட்கவில்லை. “ஐயா என்ன மீன் பிடிப்பீங்க?” என்றுதான் முதல் கேள்வி. மாமா பெடோக்கில் கணவாய் பிடிப்பதைச் சொல்லச் சொல்ல, “அங்கேயும் கணவாய்தான் ஐயா, ஜெட்டிப் பலகையெல்லாம் மை கறையா இருக்கும் பாருங்க” என்றார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சுவரில் பயணத்துறைக் கழக உரிமம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மேசையில் கேரவன் படங்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். நிரந்தரமாக நிறுத்தியிருக்கும் பெரிய கேரவன், உள்ளே இரண்டடுக்குக் கட்டில், சொந்தக் குளியலறை, வெளியே கூடாரத் துணி இழுத்துக் கட்டிய வராந்தா, வாசலில் இறங்கினால் கடல். ஒரு நாள் குகை, ஒரு நாள் மார்கரெட் ரிவர், ஒரு நாள் கேப் நேச்சுரலிஸ்ட் கலங்கரை விளக்கம், ஜெட்டி ரயிலுக்கும் கடலடி நோக்குக்கூடத்துக்கும் டிக்கெட். எல்லாம் சேர்த்து 3,180 வெள்ளி. விமானமும் வாடகைக் காரும் எங்கள் பொறுப்பு.

வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினோம். திரையில் கடையின் பெயரேதான் வந்தது. மறுநாளே கேரவன் பார்க்கின், அதாவது அந்தக் கேரவன்களை நிறுத்தி வாடகைக்கு விடும் இடத்தின், முன்பதிவு எண் வந்தது. நான் அதோடு விடவில்லை. பார்க்குக்கு நேரடியாகப் போன் போட்டேன். “ஆமாம், உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது, தேதி சரி, கடல் பக்கத்து இடம்” என்று அந்தப் பெண் சொன்னார். இதற்குமேல் ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்? உரிமம் இருக்கிறது, ரசீது இருக்கிறது, முன்பதிவும் உண்மை.

முன்பதிவு உண்மைதான். அங்கேதான் தந்திரமே.

டிசம்பரில் போய் இறங்கினோம். பார்க்கின் அலுவலகத்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு நானும் கணவரும் உள்ளே போனோம். அந்தப் பெண் பெயரைத் தட்டினார், மறுபடியும் தட்டினார், அப்புறம் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயருக்கு எதிரே ரத்து என்று இருந்தது. கடை கட்டியது ஒரே ஒரு இரவுக்கான முன்பணம் மட்டும். மீதியை வந்து சேர்வதற்கு 30 நாள் முன்பே கட்டியிருக்க வேண்டும். கட்டச் சொல்லிப் பார்க் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது, ஒன்றல்ல, பல. எல்லாம் கடையின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன, ஏனென்றால் விருந்தினரின் மின்னஞ்சல் என்று கடை தன்னுடையதைத்தான் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு ஒரு வரி வரவில்லை. கெடு தாண்டியதும் கணினி தானாகவே ரத்து செய்துவிட்டது. அன்றைக்கே வேறு குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை அங்கே பள்ளி விடுமுறை, ஒரு கூடாரம் போடக்கூட இடமில்லை என்றார். தெரிந்த பார்க்குகளுக்கெல்லாம் அவரே எங்களுக்காகப் போன் போட்டார். அவர்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆக, எங்களிடம் வாங்கிய 3,180 வெள்ளியில் ஓர் இரவு முன்பணத்தைப் போட்டு ஒரு நிஜமான எண்ணை வாங்கி, அந்த எண்ணைக் காட்டி எங்கள் வாயை அடைத்துவிட்டு, மீதி முழுவதையும் அமுக்கிவிட்டார்கள்.

வெளியே வந்தால் பிள்ளைகள் காரிலிருந்து இறங்கி, எங்கள் இடம் எதுவென்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கேரவன் பக்கத்திலும் மின்சாரக் கம்பம், சைக்கிள்கள், காயப்போட்ட துண்டுகள். சின்னவள் கடைசி வரிசையைக் காட்டி, “அந்த வெள்ளை வண்டிதானேம்மா?” என்று கேட்டாள். விளம்பரப் படத்தில் இருந்த அதே வண்டிதான். வராந்தாவில் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கடற்கரையோரம் காரை நிறுத்தித் தூங்கவும் அங்கே அனுமதி கிடையாது. இருட்டிய பிறகு 50 கிலோமீட்டர் திரும்பி வந்து பன்பரியில் ஒரு மோட்டலில் அறை எடுத்தோம். அத்தைக்கும் மாமாவுக்கும் ஓர் அறை, எங்களுக்கு ஓர் அறை, அதற்கு ஆன செலவு தனி. அதை நான் 3,180இல் சேர்க்கவில்லை.

அந்த ஆளுக்கு அன்று மாலையிலிருந்து போன். எடுக்கவில்லை. ராத்திரி ஒரு செய்தி மட்டும் வந்தது: “அக்கா டென்ஷன் ஆகாதீங்க, நான் பார்த்துக்கிறேன்.” காலையில் மறுபடியும் பார்க்குக்குப் போயிருந்தபோது, “அங்க மேனேஜ்மென்ட் மாறிடுச்சு அக்கா, அதான் குழப்பம்.” மேனேஜ்மென்ட் எதுவும் மாறவில்லை, நான் அந்த அலுவலகத்தில் நின்றுகொண்டே இதைப் படித்தேன். பார்க் கொடுத்த ரத்துக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

ஜெட்டிக்கும் போனோம், மாமா கேட்கவே இல்லை, நாங்களாக அழைத்துப் போனோம். கடை அனுப்பிய ரயில் டிக்கெட்டைக் கவுன்டரில் காட்டினால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறார்கள். அன்றைய ரயில் இருக்கைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. நடந்து போக மட்டும் டிக்கெட் எடுத்தோம். மாமாவுக்கு முழங்கால் பிரச்சினை. கொஞ்ச தூரம் போனவர், பலகையில் இருந்த கணவாய் மைக் கறையைக் காலால் தொட்டுப் பார்த்தார். “போதும்மா, இங்கேயே உட்காரலாம்” என்றார். சிங்கப்பூரிலிருந்து தூக்கி வந்த தூண்டிலை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. குகை டிக்கெட்டும் செல்லவில்லை. கலங்கரை விளக்கத்துக்குப் போகிற மனநிலை யாருக்கும் இல்லை. அத்தை மோட்டலில் ஜன்னலை மூடிவிட்டுப் படுத்திருந்தார்.

இங்கே வந்ததும் நேரே கடைக்குப் போனோம். அந்த ஆள் இல்லை. முன்னால் இருந்த பெண், “பணம் திருப்பிக் கொடுக்க 14 வேலை நாள் ஆகும்” என்றார். எழுதிக் கொடுங்கள் என்றால், அதற்கு முதலாளி வரணுமாம். முதலாளி ஊருக்குப் போயிருக்கிறாராம், பொங்கல் முடிந்துதான் வருவாராம். அடுத்து மின்னஞ்சலில் ஒரு பதில் வந்தது. நாங்கள் குறித்த நேரத்தில் பார்க்குக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் விதிமுறைப்படி பணம் திரும்பாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது என் கை நடுங்கிவிட்டது. நாங்கள் போகவில்லையாம்! பார்க்கே ரத்துக் கடிதம் கொடுத்திருக்கிறது, அதில் தேதி இருக்கிறது, நாங்கள் சிங்கப்பூரில் இருந்தபோதே ரத்தாகியிருக்கிறது.

கடைசியாக அந்த ஆளே போனில் வந்தார். “அக்கா, நாம ஒரே ஆளுங்க, எதுக்குச் சண்டை? 500 வெள்ளி வவுச்சர் தர்றேன், ஜூன்ல நம்ம கடையிலேயே எங்கேயாவது போங்க.” 3,180 வெள்ளிக்கு 500 வெள்ளி வவுச்சர், அதுவும் அவர் கடையிலேயே செலவு செய்ய. என் கணவர் போனை வாங்கி, “ஐயா, எங்கப்பாவை உட்கார வெச்சு டீ கொடுத்தீங்களே” என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது.

நாங்கள் செய்திருப்பது: போலீசில் புகார் கொடுத்தோம். பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதினோம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு போடுகிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது, அவர்களும் வைக்க முடியாது. உரிமத்தைக் கொடுத்த பயணத்துறைக் கழகத்துக்கும் புகார் போயிருக்கிறது.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முன்பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிடம் கேட்காதீர்கள், எவ்வளவு கட்டியாகிவிட்டது, மீதி எவ்வளவு, கெடு எப்போது என்று கேளுங்கள். முன்பதிவில் உங்கள் சொந்த மின்னஞ்சல் இருக்க வேண்டும், கடையுடையது கூடாது. கெடுவுக்கு முன்னால் இன்னொரு தடவை போன் போடுங்கள். கடன் அட்டையில் கட்டினால் கிடைக்காத சேவைக்கு வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டு, பேநவ்வில் அனுப்பினால் அந்த வழி இல்லை. பேசியதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

மார்ச் விடுமுறைக்கு இந்தக் கடையில் ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் 30 நாள் கெடு தாண்டும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பார்க்குக்குப் போன் போடுங்கள். அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், மாலைக்குள் எடுப்பார்கள்.