‘ஒரே முறை சுட்டவை’ என்று விற்ற தோட்டா உறைகளில் 260 டாலர் போயிற்று

டெக்சாஸில் 600 கஜப் போட்டிகளில் சுடுகிறேன்; .308 வின்செஸ்டர் என்ற அளவுத் தோட்டாக்களை, ஏற்கெனவே சுட்ட பித்தளை உறைகளில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் நிரப்பி, ஆறு ஆண்டுகளாக வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறேன். பழைய துப்பாக்கிச் சாமான்கள் கைமாறும் ஓர் இணையச் சந்தையில் அப்படிப்பட்ட உறைகளை வாங்கப்போய் அண்மையில் 260 டாலரை இழந்தேன். இத்தகைய உறைகளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

விற்றவர் தொலைபேசியில் விலையைப் பேசவே இல்லை. என் துப்பாக்கிக் குழலின் உட்புறப் பள்ளங்களின் முறுக்கு எவ்வளவு, 168 கிரெய்ன் (மிகச் சிறிய எடை அலகு) குண்டா 175 கிரெய்னா என்றுதான் முதலில் கேட்டார். 200 பித்தளை உறைகளும் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி), ஒரே முறை சுட்டவை, எடையில் 1 கிரெய்னுக்கு மேல் வித்தியாசம் வராதபடி தாமே நிறுத்துப் பிரித்தவை என்றார். தொழில் தெரிந்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று அந்த நிமிடத்தில் முழுமையாக நம்பினேன். சந்தையின் கமிஷன் மிச்சமாகும் என்று அவர் சொன்னதால், பணப் பரிமாற்றச் செயலி வழியாக 260 டாலரையும் நேரடியாக அனுப்பிவிட்டேன்.

பெட்டியின் மேலடுக்கு மட்டுமே சொன்னபடி இருந்தது. அடியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல், வட்டத்துக்குள் சிலுவை பொறித்த நேட்டோ ராணுவ உறைகள். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் உட்காரும் குழியின் விளிம்பில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் என்ற மடிப்பு அப்படியே இருந்தது; அதை நீக்காமல் புதிய பிரைமரைச் சரியாகப் பொருத்த முடியாது. என் தராசில் எடை 158 முதல் 181 கிரெய்ன் வரை ஓடியது. கனத்த உறையின் சுவர் தடிப்பானது. உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும், வேகமும் மாறும், 600 கஜத்தில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். அதைவிடக் கொடுமை, பதினோரு உறைகளில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தது. வளைத்த காகித ஊக்கை உள்ளே விட்டால் அங்கே பள்ளம் தட்டுப்படுகிறது. பலமுறை சுட்டு இழுபட்டு, அடி பிய்ந்துகொள்ளக் காத்திருக்கும் உறைகள் அவை. கண்ணுக்கு நேரே வெடிக்கும் பொருளில் இப்படியா ஏமாற்றுவது?

கேட்டபோது, தராசு சரியில்லை என்றார். சோதனை எடைக்கல்லோடு படம் அனுப்பினேன். கழுவும்போது கலந்திருக்கும் என்றார். பிறகு பழைய பொருளுக்குப் பணம் திரும்பாது என்றார். அதன்பின் பதிலே இல்லை. பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று சந்தைக்காரர்கள் கைவிரித்தார்கள். நீங்களே விரும்பி அனுப்பியது என்றது செயலி நிறுவனம். 260 டாலரில் ஒரு டாலர்கூட வரவில்லை.

சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அடியடுக்கின் முத்திரைகள் தெரியும் படம் கேளுங்கள். ஊக்கால் தடவிப் பார்க்காமல் எந்தப் பழைய உறையிலும் மருந்து நிரப்பாதீர்கள். வளையம் தெரிந்தால் குறட்டால் நசுக்கிவிடுங்கள்; குப்பையிலிருந்து எடுத்துக்கூட வேறொருவர் நிரப்பிவிடக் கூடாது.